நாய்க்கு அடையாள மைக்ரோசிப் போட்டதாகத் தடுப்பூசிப் புத்தகத்தில் இருக்கிறது, சிப்பைப் படிக்கும் ரீடரில் எண் வரவில்லை. தோலுக்கடியில் இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

காந்திநகர்_அப்பா (காட்பாடி)
15 நவம்பர் 2025, காலை 6:50

எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை, அதனால்தான் விடிந்ததும் எழுதுகிறேன்.

எங்கள் நாய் செவலைக்கு நாலு வயது. சிப்பிப்பாறை கலப்பு. மகள் இங்கே படித்துக்கொண்டிருந்தபோது பாலாற்றுப் பாலத்துக்கு அருகில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை எடுத்து வந்தாள். இப்போது மகள் ஜெர்மனியில் ஸ்டட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். பிப்ரவரி கடைசியில் வந்து செவலையைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

அதற்காக அக்டோபர் 6-ம் தேதி வேலூரில் ஒரு கிளினிக்கில் சிப் போட்டோம். அதே நாளில் ரேபீஸ் தடுப்பூசியும் போட்டார்கள். புத்தகத்தில் பார்கோடு ஸ்டிக்கர், 15 இலக்க எண், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றன. நேற்று ரேபீஸ் எதிர்ப்புச்சக்திப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் ஊசியை எடுப்பதற்கு முன்னால் ரீடரை எடுத்துப் பிடரியில் வைத்தார். ஒன்றும் வரவில்லை. தோள், முதுகு எல்லாம் ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "நான் கண்ணால் பார்க்காத எண்ணை ரத்த மாதிரி எடுக்கும் குழாயின் மேல் எழுத மாட்டேன் சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அங்கே நிற்கும்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் செய்ததுதான் சரி என்று புரிந்தது.

நானும் வீட்டம்மாவும் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டோம். செவலை மெலிந்த உடம்பு, தோலும் மெல்லியது. அரிசி அளவு எதுவும் கைக்கு அகப்படவில்லை. உள்ளேயே பழுதாகுமா? வேறு இடத்துக்கு நகர்ந்திருக்குமா? அல்லது உள்ளே போகவே இல்லையா? கிளினிக்கின் பெயரை எழுத மாட்டேன், யாரும் கேட்க வேண்டாம். எனக்கு வழிதான் வேண்டும்.

சத்துவாச்சாரி_வாலாட்டி (வேலூர்)
15 நவம்பர் 2025, காலை 7:35

சார், மனசு கஷ்டமாக இருக்கிறது. இப்போதைய போன்களில் கார்டைத் தொட்டுப் படிக்கும் என்எஃப்சி வசதி இருக்கிறதே, அதற்கு ஒரு செயலி போட்டு நாயின் பிடரியில் வைத்துப் பாருங்கள். மெட்ரோ கார்டு படிக்கிறது என்றால் இதுவும் படிக்க வேண்டும்தானே?

தொரப்பாடி_மின்னணு (வேலூர்)
15 நவம்பர் 2025, காலை 8:20

தம்பி, அது படிக்காது. போனின் என்எஃப்சி 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. நாய்க்குப் போடும் ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர) சிப் 134.2 கிலோஹெர்ட்ஸ். நூறு மடங்கு வித்தியாசம். போனில் வரவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அந்தச் சிப்புக்குள் பேட்டரி கிடையாது. கண்ணாடிக் குப்பிக்குள் ஃபெரைட் என்ற காந்தப்பொருளால் ஆன ஒரு கம்பி, அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புச் சுருள், கூடவே ஒரு சின்ன மின்னணுத் துண்டு, அவ்வளவுதான். ரீடர் காந்தப்புலத்தை உண்டாக்கும்போது அந்தச் சுருளில் மின்சாரம் பிறந்து, அந்த ஒரு கணத்தில் சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ரீடர் தள்ளிப் போனதும் மறுபடி தூங்கிவிடும். பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோகவும் ஒன்றுமில்லை. ஒரு மாதத்துக்குள் தானாகச் செத்துப்போவது அபூர்வம். ஆகவே சார், இடம் மாறியிருக்கிறதா, வெளியே விழுந்துவிட்டதா என்ற இரண்டை முதலில் பாருங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு ஸ்கேன் செய்தது ஸ்டீல் மேசையின் மேலா? பக்கத்தில் கம்ப்யூட்டர், சார்ஜர், டியூப்லைட் இருந்ததா? இரும்பு மேசை காந்தப்புலத்தைக் கெடுக்கும். மின் சாதனங்களின் இரைச்சலில் சிப்பின் மெல்லிய பதில் அமுங்கிப்போகும். ரீடரின் பேட்டரி இறங்கியிருந்தாலும் அதே கதைதான்.

காந்திநகர்_அப்பா
15 நவம்பர் 2025, காலை 8:45

ஸ்டீல் மேசைதான் சார். கழுத்துப்பட்டையையும் கழற்றவில்லை, அதில் இரும்பு வளையம் இருக்கிறது. கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

பாகாயம்_பூனைவீடு (வேலூர்)
15 நவம்பர் 2025, மதியம் 1:15

அண்ணா, நம்பிக்கையை விடாதீர்கள். எங்கள் வெள்ளைப் பூனைக்கு 2021-ல் சிப் போட்டது. போன வருடம் பல் பிரச்சினைக்காகப் போனபோது சும்மா ஸ்கேன் செய்யச் சொன்னேன், பிடரியில் எதுவும் இல்லை. எனக்குப் பகீர் என்றது. அந்த டாக்டர் அம்மா பொறுமையாக ரீடரை இடது தோளிலிருந்து முன்னங்கால் முட்டி வரை கீழே இறக்கிக்கொண்டே போனார். முட்டிக்குச் சற்று மேலே பீப் சத்தம். அதே எண். மூன்று வருடத்தில் சிப் அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது. பூனைக்கு அதனால் வலியோ வீக்கமோ இருந்ததே இல்லை. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போது புத்தகத்தில் "இடது முன்னங்கால் முட்டிக்கு மேல்" என்று எழுதி வைத்திருக்கிறோம், அடுத்து பார்ப்பவர் தேடி அலையக்கூடாது இல்லையா.

ஓய்வு_கால்நடை (ஆற்காடு)
15 நவம்பர் 2025, இரவு 9:05

கால்நடைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆற்காட்டில் வீட்டோடு சின்னதாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் முக்கியமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சிப் எப்படிப் போடுகிறோம் என்று தெரிந்தால்தான் எங்கே தவறும் என்று தெரியும். சாதாரண சிப் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். நெல்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போகும் ஊசி 12 கேஜ், தடுப்பூசி போடும் ஊசியைவிட நன்றாகவே தடித்தது. நாயைக் குப்புறப் படுக்கவைத்தோ நிற்கவைத்தோ, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் தோலை விரலால் கிள்ளி மேலே தூக்கிப் பிடிக்கிறோம். ஒருக்களித்துப் படுக்க வைக்கக்கூடாது. ஒருக்களித்தால் தளர்ந்த தோல் சரிந்து, நடு என்று நாம் நினைக்கும் இடம் நடுவாக இருக்காது. நாய் எழுந்ததும் சிப் ஒரு பக்கமாகப் போய்விடும். ஊசியைச் சற்றுச் சாய்வாக, அதன் முழு நீளமும் உள்ளே போகும்படி செலுத்தி, சிப்பைத் தள்ளும் தண்டை ஒரே சீராக அழுத்தி, ஒரு நொடி அப்படியே வைத்திருந்து, பிறகு ஊசியை வெளியே எடுக்கும்போதே துளையின் மேல் விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்களை நான் பார்த்த வரையில் சொல்கிறேன்.

ஊசி ஒரு பக்கத் தோலில் நுழைந்து, தூக்கிப் பிடித்த மடிப்பின் மறுபக்கத் தோலையும் துளைத்து வெளியே வந்துவிடும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி தோல் மெல்லிய, கொழுப்பில்லாத நாய்களில் இது சுலபமாக நடக்கும். சிப் உள்ளே போகாமல் முடியின் மேல் விழும். முடி அடர்ந்த நாயாக இருந்தால் முடிக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கும். அப்போது ரீடர் வைத்தால் பீப் என்றும் சொல்லிவிடும், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். வழியில் நாய் ஒரு முறை உடம்பை உதறினால் போச்சு.

அடுத்தது, தண்டை முழுசாக அழுத்துவதற்குள் ஊசியை இழுத்துவிடுவது. சிப் பாதி ஊசியிலும் பாதி துளையிலும் இருந்து, ஊசியோடு வெளியே வரும். நாய் திடீரென்று துள்ளினால் அனுபவசாலிக்கும் இது நடக்கும். எனக்கே ஒரு முறை நடந்திருக்கிறது, ராணிப்பேட்டையில் ஒரு டாபர்மேனுக்கு. உடனே ஸ்கேன் செய்ததால் மேசையின் ஓரத்தில் கிடந்ததைக் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது, ஆழம் போதாமல் தோலுக்குள்ளேயே வைத்துவிடுவது. தோலுக்கு அடியில் இருக்கும் தளர்ந்த திசுவில்தான் சிப் உட்கார வேண்டும். மேலாக இருந்தால் ஓரிரு நாளில் துளை வழியாகவே நழுவும். அதனால்தான் சிப் போட்ட அன்றும் மறுநாளும் குளிப்பாட்டாதே, பிடரியைத் தேய்க்காதே, கழுத்தைப் பிடித்து விளையாடாதே என்கிறோம். சில வாரங்களில் அதைச் சுற்றி மெல்லிய நார்த்திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு விழ வாய்ப்பு மிகக் குறைவு.

இப்போது உங்களுக்கு. ஸ்கேனை முதலிலிருந்து மறுபடி செய்யுங்கள். மரப்பலகை அல்லது தரை மேல், கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி நிறைந்த ரீடரோடு. ரீடர் முடியைத் தொட வேண்டும், அந்தரத்தில் பிடிக்கக்கூடாது. தலையிலிருந்து வால் வரை பாம்பு ஊர்வது போல வளைந்து வளைந்து, மிக மெதுவாக. பிறகு ரீடரைக் குறுக்காகத் திருப்பி அதே பாதையில் மறுபடி. சிப் எந்தத் திசையில் கிடக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு கோணத்தில் பேசாதது இன்னொரு கோணத்தில் பேசும். அப்புறம் இரண்டு தோள்கள், இரண்டு முன்னங்கால்களும் முட்டி வரை, கழுத்தின் இரு பக்கம், நெஞ்சின் அடிப்பகுதி. அவசரப்படாமல் இதைச் செய்ய ஐந்து நிமிடமாவது ஆகும். இரண்டு வேறு ரீடர்களில் பாருங்கள்.

அதிலும் வரவில்லை என்றால் எக்ஸ்ரே. பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று. சிப் உள்ளே இருந்தால் சின்ன வெள்ளைக் குச்சி போலத் தெளிவாகத் தெரியும், பழுதானதாக இருந்தாலும் தெரியும். எக்ஸ்ரேயிலும் இல்லை என்றால் இல்லைதான்.

சாய்நாதபுரம்_செல்லம் (வேலூர்)
16 நவம்பர் 2025, காலை 10:30

இதையெல்லாம் படித்தால் எங்கள் பொம்மிக்குப் போடவே பயமாக இருக்கிறது. அவ்வளவு தடித்த ஊசியா? அந்தச் சிப் உள்ளே இருந்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரி, போட்டால் நாய் தொலைந்தபோது எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டுமா?

ஓய்வு_கால்நடை
16 நவம்பர் 2025, மதியம் 12:10

அம்மா, மேப்பில் காட்டாது. அது இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி இல்லை, எண்ணை மட்டும் சொல்லும். யாராவது நாயைப் பிடித்து ரீடர் வைத்தால்தான் உபயோகம்.

புற்றுநோய் பற்றிய பேச்சு ஆய்வக எலிகளில் கண்டதிலிருந்து வந்தது. நாய், பூனைகளில் சிப் இருந்த இடத்தில் கட்டி வந்ததாக மிகச் சில தனித்தனி நிகழ்வுகளே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உலகம் முழுக்கப் போடப்படும் எண்ணிக்கையோடு பார்த்தால் அதற்காகத் தவிர்க்க வேண்டியதில்லை. ஊசி தடித்தது என்பது உண்மை, ஒரு நொடி கத்தும். பொம்மி சின்ன ஜாதி என்றால் 8 மில்லிமீட்டர் சிப்பும் இருக்கிறது, அதற்கு ஊசியும் மெல்லியது. கேட்டு வாங்குங்கள்.

ஆம்பூர்_ராஜபாளையம் (ஆம்பூர்)
16 நவம்பர் 2025, மாலை 4:40

நான் ராஜபாளையம் வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டு போகிறவன். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவு செய்ய சிப் வேண்டும், அதனால் குட்டிகளுக்குச் சிப் போடுவதை வருடா வருடம் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், தயவுசெய்து எல்லோரும் கவனியுங்கள்.

சிப் வரும் பாக்கெட்டுக்குள் ஊசியோடு நாலைந்து பார்கோடு ஸ்டிக்கர் இருக்கும். பல இடங்களில் ஸ்டிக்கரை முதலில் புத்தகத்தில் ஒட்டி, எண்ணை எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் ஊசியையே கையில் எடுப்பார்கள். ஆகவே அந்த ஸ்டிக்கரால் நமக்குத் தெரிவது பாக்கெட் பிரிக்கப்பட்டது என்பது மட்டும். நாயின் உடம்பில் சிப் இருக்கிறது என்பதற்கு அது சாட்சியில்லை.

நான் எங்கள் டாக்டரிடம் நாலு முறை ரீடரைக் கேட்பேன். நாயின் மேல் முதலில் (ஏற்கெனவே ஒரு சிப் இருக்கக்கூடாது). பிறகு பாக்கெட்டைப் பிரிக்காமல் அதன் மேல் (சிப் பேசுகிறதா, ஸ்டிக்கர் எண்ணும் அதுவும் ஒன்றா). போட்டு முடித்ததும் நாயின் மேல். நாலாவதை யாரும் செய்வதில்லை, நான் செய்வேன்: நாயைத் தரையில் இறக்கி, நன்றாக உதற விட்டு, பிடரி முடியைக் கையால் கோதிவிட்டு, மறுபடி ஒரு முறை. முடிக்குள் சிக்கிய சிப்பா, தோலுக்கடியில் இருக்கும் சிப்பா என்று அப்போது தெரிந்துவிடும். 15 இலக்கத்தையும் நானே வாய்விட்டுப் படிப்பேன், என் மகன் புத்தகத்தில் பார்த்துக்கொண்டே வருவான். எண் 356 என்று தொடங்கினால் அது இந்தியாவின் குறியீடு. 9-ல் தொடங்கினால் தயாரித்த நிறுவனத்தின் குறியீடு. இரண்டுமே செல்லும்.

குடியாத்தம்_காளை
16 நவம்பர் 2025, இரவு 8:00

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். எங்களிடம் எருது விடும் விழாவுக்கு விடும் காளை இரண்டு இருக்கின்றன. காது வில்லை முள்வேலியில் மாட்டிக் கிழிந்து விழுகிறது. இது மாதிரி தோலுக்கடியில் போட முடியுமா டாக்டர்?

ஓய்வு_கால்நடை
16 நவம்பர் 2025, இரவு 8:45

போட முடியும், ஆனால் மாட்டுக்கு அரசுக் கணக்கில் இருப்பது 12 இலக்கக் காது வில்லைதான். காப்பீடு, தடுப்பூசிப் பதிவு எல்லாம் அந்த எண்ணில்தான் நடக்கும். வில்லை விழுந்தால் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்லி மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். காதின் நடுவில், நரம்புகளை விட்டு, ஓரத்திலிருந்து தள்ளிப் போட்டால் அவ்வளவு சீக்கிரம் கிழியாது. இதற்குத் தனிப் பதிவு தொடங்கினால் விரிவாக எழுதுகிறேன் தம்பி.

காந்திநகர்_அப்பா
17 நவம்பர் 2025, இரவு 10:20

இன்று சத்துவாச்சாரி தம்பி தனக்குத் தெரிந்த ஒரு மீட்பு இல்லத்திலிருந்து ரீடரை வாங்கிக்கொண்டு மழையில் காட்பாடி வரை வந்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஹாலில் ஜமுக்காளம் விரித்து, கழுத்துப்பட்டையைக் கழற்றி, டியூப்லைட், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் டாக்டர் சொன்னபடி ஓட்டினோம். நேராக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை, கால்கள், நெஞ்சு, வயிறு வரை. தம்பி தன் வீட்டு நாயையும் கூட்டி வந்திருந்தார். அதன் மேல் வைத்தால் உடனே எண் வருகிறது, ஆக ரீடர் நன்றாக இருக்கிறது. செவலையிடம் மட்டும் மௌனம்.

நாளை எக்ஸ்ரே. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

பாகாயம்_பூனைவீடு
17 நவம்பர் 2025, இரவு 10:55

சொல்லிவிடுங்கள் அண்ணா. டிக்கெட் போட்ட பிறகு தெரிந்தால் அந்தப் பெண் இன்னும் உடைந்துபோவாள்.

காந்திநகர்_அப்பா
18 நவம்பர் 2025, மாலை 6:30

எக்ஸ்ரே இரண்டு கோணத்திலும் எடுத்தாயிற்று. கழுத்திலிருந்து இடுப்பு வரை எதுவும் இல்லை. எலும்பு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது, சிப் இல்லை. மகளிடம் சொல்லிவிட்டேன். போனில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு "செவலை நன்றாக இருக்கிறாளா அப்பா" என்றுதான் கேட்டாள்.

இனி என்ன செய்வது? புது சிப் போட்டால் அக்டோபரில் போட்ட ரேபீஸ் ஊசி செல்லுமா?

ஓய்வு_கால்நடை
18 நவம்பர் 2025, இரவு 8:15

வருத்தமாக இருக்கிறது சார். பயணத்துக்கு அந்த ஊசி செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, சிப் முதலில், ரேபீஸ் தடுப்பூசி அதற்குப் பிறகு. ஒரே நாளில் இரண்டும் செய்யலாம், ஆனால் சிப்புக்கு முன் போட்ட ஊசியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எந்த நாய்க்கு ஊசி போட்டது என்பதற்கு அந்த எண்தானே அடையாளம். ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். எதிர்ப்புச்சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும், பார்ப்பது அவர்கள் அங்கீகரித்த ஆய்வகமாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பும் உண்டு.

இந்த வாரமே புது சிப்பும் ஊசியும் போட்டால் டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன் ரத்தம், மார்ச் கடைசி வாரத்தில் பயணம். ஒரு மாதத்துக்கும் சற்று மேல்தான் தள்ளிப்போகிறது. ரேபீஸ் ஊசியை இவ்வளவு சீக்கிரம் மறுபடி போடுவதால் செவலைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, எதிர்ப்புச்சக்தி கூடத்தான் செய்யும்.

ஒன்று கேட்க வேண்டும். அக்டோபர் 6-ம் தேதி செவலையை எதில் கூட்டிக்கொண்டு போனீர்கள்? மேசையில் ஏதாவது விரித்தார்களா, வழியில் ஏதாவது போர்த்தியிருந்ததா?

காந்திநகர்_அப்பா
19 நவம்பர் 2025, காலை 11:25

டாக்டர், கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

அன்று காரில்தான் போனோம். வீட்டம்மா செவலையை ஒரு பழைய பூத்துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். மேசையிலும் அந்தத் துண்டைத்தான் விரித்தார்கள், ஸ்டீல் குளிர்ச்சிக்குச் செவலை நடுங்கினாள் என்று. திரும்பி வந்ததும் துண்டை உருட்டி கார் டிக்கியில் போட்டது, துவைக்காமல் அங்கேயே கிடந்தது. உங்கள் கேள்வியைப் படித்ததும் ஓடிப்போய் எடுத்தோம். வெயிலில் விரித்துப் பார்த்தால் பூவேலைப்பாட்டின் நூல் இழைக்குள் சிக்கிக்கொண்டு கிடக்கிறது. கண்ணாடி மாதிரி, உள்ளே செம்பு நிறம். தம்பி கொடுத்துவிட்டுப் போன ரீடர் வீட்டில்தான் இருந்தது. துண்டின் மேல் வைத்தேன். பீப். புத்தகத்தில் இருக்கும் அதே 15 எண்கள்.

ஆறு வாரம் அது கார் டிக்கியில் இருந்திருக்கிறது.

தொரப்பாடி_மின்னணு
19 நவம்பர் 2025, மதியம் 12:05

படித்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன் சார். சிப் பழுதாகவில்லை, ரீடரும் பழுதாகவில்லை. போட்டவுடன் ஒரு முறை அங்கேயே வைத்துப் பார்த்திருந்தால் நாயிடம் இல்லை, துண்டில் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சத்துவாச்சாரி_வாலாட்டி
19 நவம்பர் 2025, மதியம் 12:30

அதே சிப்பைக் கிருமி நீக்கி மறுபடி போட முடியாதா டாக்டர்? எண்ணும் அதேதானே, அக்டோபர் ஊசியும் கணக்கில் வந்துவிடுமே?

ஓய்வு_கால்நடை
19 நவம்பர் 2025, மதியம் 2:00

கூடவே கூடாது தம்பி. அது கிருமி நீக்கிய பாக்கெட்டில் வந்தது, ஆறு வாரம் அழுக்குத் துணியில் கிடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், ஊசி போட்ட நாளில் நாயின் உடம்பில் சிப் இல்லை. அதை மறைத்துப் பழைய தேதியை வைத்துக்கொள்வது பொய்ச் சான்றிதழ். அந்த எண்ணை ரத்து என்று புத்தகத்தில் எழுதி, தேதியும் காரணமும் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

அந்தக் கிளினிக்குக்கும் போய்ச் சொல்லுங்கள். சண்டைக்கு வேண்டாம். நாளைக்கு இன்னொரு நாய்க்கு நடக்காமல் இருக்கட்டும்.

காந்திநகர்_அப்பா
21 நவம்பர் 2025, இரவு 9:30

இன்று முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

நேற்றே அந்தக் கிளினிக்குக்குப் போய்த் துண்டையும் சிப்பையும் காட்டினேன். அந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். முகம் வாடிவிட்டது. அன்று ரீடர் பழுதுபார்க்கப் போயிருந்ததாம், அதனால் ஸ்கேன் செய்யாமலே ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டார், பணத்தைத் திருப்பித் தந்தார். இனி ரீடர் கையில் இல்லாத நாளில் சிப் போடுவதில்லை என்று என் முன்னாலேயே உதவியாளரிடம் சொன்னார். எனக்கு அது போதும்.

இன்று போனது ரத்தம் எடுக்க மறுத்த டாக்டரிடம். ஆம்பூர் தம்பி சொன்ன நாலு ஸ்கேனையும் கேட்டேன், "நீங்களே ரீடரைப் பிடியுங்கள்" என்று என் கையில் கொடுத்துவிட்டார். முதலில் செவலையின் மேல், எதுவும் இல்லை. பாக்கெட்டின் மேல் வைத்ததும் எண் வந்தது, ஸ்டிக்கரோடு ஒத்துப்போனது. தரையில் ரப்பர் விரிப்பில் செவலையைக் குப்புறப் படுக்க வைத்து, வீட்டம்மா தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். டாக்டர் தோலைத் தூக்கி, ஊசியின் முனை எங்கே இருக்கிறது என்று மறுகையின் விரலால் வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டே செலுத்தினார். தண்டை அழுத்தி, ஒரு நொடி நிறுத்தி, விரலால் துளையை மூடிக்கொண்டு ஊசியை எடுத்தார். செவலை ஒரே ஒரு முறை முனகினாள். ஒரு சொட்டு ரத்தம். பஞ்சை வைத்து ஒரு நிமிடம் பிடித்திருந்தார்.

பிறகு நான் ரீடரை வைத்தேன். எண் வந்தது. எழுப்பி நடக்கவிட்டோம், மூன்று தடவை உடம்பை உதறினாள். விரிப்பையும் தரையையும் பார்த்தோம், ஒன்றும் விழவில்லை. முடியைக் கோதிவிட்டு மறுபடி வைத்தேன், அதே எண். அதன் பிறகுதான் டாக்டர் ஸ்டிக்கரை ஒட்டினார். ரேபீஸ் ஊசி அதற்கும் பிறகு. சிப் போட்ட நேரம், ஊசி போட்ட நேரம் இரண்டையும் தனித்தனியாக எழுதித் தந்தார்.

ஆம்பூர்_ராஜபாளையம்
21 நவம்பர் 2025, இரவு 10:10

மனசு நிறைந்துவிட்டது அண்ணா. இரண்டு வேலை பாக்கி. ஒன்று, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். இன்னொன்று, அந்த எண்ணை உங்கள் மகள் பெயரில், அவர் ஜெர்மனி முகவரியும் போன் நம்பரும் போட்டுப் பதிவு செய்வது. எல்லா நாய்க்கும் பொதுவான ஒரே பதிவேடு நம் நாட்டில் இல்லை, சிப் விற்ற நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் விவரம் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். போன வருடம் இங்கே ஒரு லேப்ரடார் வழி தவறி வந்தது. சிப் பீப் என்றது, எண்ணும் வந்தது, ஆனால் அது யார் பெயரிலும் இல்லை. எட்டு நாள் எங்கள் வீட்டு வாசலில் அது தன் வீட்டுக்காரரைத் தேடி அழுதது.

சாய்நாதபுரம்_செல்லம்
22 நவம்பர் 2025, காலை 9:15

பொம்மிக்குப் போட முடிவு செய்துவிட்டேன். சென்னையில் இந்த வருடம் மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது, அண்ணன் வீடு அங்கே இருப்பதால் எங்களுக்கும் வேண்டியிருக்கும். துண்டு எடுத்துக்கொண்டு போகிறேன், ஆனால் திரும்பும்போது உதறிப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பேன்.

காந்திநகர்_அப்பா
5 டிசம்பர் 2025, மாலை 5:45

இன்று பதினான்காவது நாள். ஸ்கேன் செய்தோம். பிடரியில், போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் இடது பக்கம் தள்ளி, அதே எண். வீக்கம் இல்லை, துளை இருந்த இடமே தெரியவில்லை. இப்போது விரலால் தடவினால் நெல்மணி மாதிரி மெல்ல உருளுகிறது. வீட்டம்மா தினமும் காலையில் செவலைக்குச் சோறு வைக்கும்போது ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

மகள் பெயரில் பதிவும் ஆகிவிட்டது, உறுதி செய்த மின்னஞ்சல் அவளுக்கே போயிருக்கிறது.

காந்திநகர்_அப்பா
22 டிசம்பர் 2025, மதியம் 1:30

ரத்தம் எடுத்தாயிற்று. முப்பத்தோராவது நாள். எடுப்பதற்கு முன் டாக்டர் ரீடரை வைத்தார், எண்ணை நான் வாய்விட்டுப் படித்தேன், அவர் குழாயின் மேல் எழுதினார். மகள் மார்ச் 25-ம் தேதிக்கு விடுப்பு கேட்டிருக்கிறாள்.